தார்ச் சாலையில் ஓடும் மழைநீரின் சூடு

சித்திரை மாதத்து நண்பகலில் திருப்பதிக்குச் சென்றவர்கள் அவ்வூரின் வெயிலை எளிதில் மறக்கமாட்டார்கள். ரயிலடியிலிருந்து அலிபிரி நோக்கிச் செல்லும் சாலையில் கானல் அலையாடும். மலைமேல் திருமலையில் மாட வீதிகளைச் சுற்றி வரும் பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கவேண்டியவர்கள். அவர்களுடைய பாதம் பொறுக்கவேண்டும் என்பதற்காகவே தேவஸ்தானத்தார் கோடைதோறும் அந்தத் தளத்தின்மீது வெண்ணிறக் குளிர்ச்சிப் பூச்சுப் பூசுகிறார்கள்; விரிப்புகளை விரிக்கிறார்கள்; தண்ணீர் தெளிக்கிறார்கள். தளம் எவ்வளவு சுடுகிறது என்பதை அளக்க அங்கே வெப்பமானி வேண்டியதில்லை; உள்ளங்கால் போதும்.

அத்தகைய ஒரு நாளின் பிற்பகலில் சேஷாசல மலைத்தொடரின்மேல் கருமேகம் திரள்வதாக வைத்துக்கொள்வோம். குளிர்ந்த காற்று ஒரு வீச்சு வீசுகிறது. இடி முழங்குகிறது. பெரிய பெரிய துளிகளாக மழை விழுகிறது. சாலையிலிருந்து புகை போன்ற ஆவி எழுகிறது. ஓரத்தில் ஓடத் தொடங்கும் நீரில் காலை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. அரைமணி கழித்து அதே இடத்தில் காலை வைத்தால் சில்லென்று இருக்கிறது. மேகம் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். நீரின் சூடு மட்டும் ஏன் மாறியது? மழை வருமுன்பே, ஓடப்போகும் நீர் எத்தனை டிகிரி சூட்டோடு கால்வாயில் இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல இயலுமா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

மழைநீர் சற்றுச் சூடாக ஓடினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கத் தோன்றலாம். இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் குளிர்நாட்டவர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின், மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் ஊற்றுநீரால் ஓடும் குளிர்ந்த ஓடைகள் உள்ளன. அவற்றில் டிரௌட் என்னும் மீன் வாழ்கிறது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரியைத் தாண்டினால் அம்மீன் வருந்தத் தொடங்கும். நகரங்கள் பெருகி, புல்வெளியிருந்த இடத்தில் தார்த்தளங்கள் பரவியதும், கோடை மழை பெய்த சில நிமிடங்களுக்குள் ஓடையின் வெப்பம் ஏறுவதைக் கண்டார்கள். ஆகவே, புதிதாக ஒரு கடைத்தெருவோ வண்டி நிறுத்துமிடமோ அமைக்குமுன், அது ஓடையை எவ்வளவு சூடாக்கும் என்று கணிக்கவேண்டிய தேவை எழுந்தது. விஸ்கான்சினில் டேன் கவுண்டி என்னும் மாவட்டத்தார் அதற்கென ஒரு கணக்குமுறையை வகுத்தார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செயின்ட் அந்தோனி அருவி ஆய்வுக்கூடத்தில் ஹெர்ப், ஜான்கே, மோசெனி, ஸ்டெஃபான் ஆகிய ஆய்வாளர்கள் 2008, 2009 ஆண்டுகளில் இப்பொருள் குறித்து விரிவான கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

நம் பொன்முகலி ஆற்றில் டிரௌட் மீன் இல்லை. ஸ்வர்ணமுகி என்று வழங்கும் அந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. சித்தூரை ஒட்டி ஓடும் நீவா நதியின் நிலையும் அதுதான். நம் ஏரிகளில் வளரும் கட்லாவும் ரோகுவும் வெதுவெதுப்பான நீரில் நன்றாக வாழும் மீன்கள். 21 டிகிரியில் டிரௌட் துன்புறுகிறது என்றால், 28 டிகிரியில் நம் ரோகு சுகமாக நீந்துகிறது. அப்படியானால் இந்தக் கணக்கு நமக்கு வேண்டாமா? வேண்டும். ஆனால் வேறு காரணத்துக்காக வேண்டும்.

நீரில் வாழும் உயிர்கள் நீரில் கரைந்த பிராணவாயுவைச் சுவாசிக்கின்றன. நீர் சூடேறச் சூடேற அது தாங்கும் பிராணவாயு குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 7.6 ஆகும்; 35 டிகிரியில் 7-க்குச் சற்றுக் குறைவு. இந்தக் குறைவு சிறிதென்று தோன்றலாம். ஆனால் அதே சமயம் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் சூட்டினால் சுறுசுறுப்படைகின்றன. பத்து டிகிரி ஏறினால் அவற்றின் வேலை ஏறக்குறைய இருமடங்காகிறது. கோடை முழுவதும் தெருவில் சேர்ந்த சாணம், எண்ணெய்க் கசிவு, அழுகிய இலை, கடைக் கழிவு எல்லாவற்றையும் முதல் மழை வாரிக்கொண்டு வருகிறது. வரவு குறையும்போதே செலவு கூடினால் குடும்பம் என்னவாகும்? குட்டையின் கதியும் அதுவேதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கோடை மழைக்கு மறுநாள் ஏரியில் மீன் செத்து மிதந்தால், உடனே சாலையின் சூட்டைக் குற்றவாளியாக்கிவிடுவது நியாயமாகாது. பெரிய ஏரியைச் சாலைநீர் எளிதில் சூடாக்கிவிடாது. ஒரு லட்சம் கன மீட்டர் நீர் 28 டிகிரியில் நிற்கும் ஏரியில், 33 டிகிரிச் சூட்டோடு 2,000 கன மீட்டர் நீர் வந்து கலந்தால், ஏரி முழுவதும் சூடேறுவது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான். மேலும், வரும் நீர் ஏரிநீரைவிடச் சூடாக இருந்தால் இலேசாகி மேலே மிதக்கும். குளிர்ந்திருந்தால் கனத்து அடியில் இறங்கும். அடியில் இறங்கும் குளிர்ந்த நீர் சேற்றைக் கிளறி, பிராணவாயு அற்றுக் கிடந்த அடிநீரை மேலே தள்ளினாலும் மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். ஆகவே ஒரே விதமான சாவுக்கு நேர்மாறான இரு காரணங்கள் இருக்கக்கூடும். காரணம் தெரியாமல் மருந்து கொடுத்தால் நோய் தீராது. வந்த நீர் எத்தனை டிகிரியில் வந்தது என்பது தெரிந்தால்தான் வழக்கைத் தீர்க்கமுடியும். கணக்கின் பயன் முதலில் இதுவே.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓடும் நீரின் சூடு மூன்று பொருள்களைப் பொறுத்தது. சாலை எவ்வளவு சூட்டைச் சேமித்து வைத்திருக்கிறது? விழும் மழை எவ்வளவு குளிர்ந்தது? எவ்வளவு மழை, எவ்வளவு நேரத்தில் விழுகிறது?

முதலாவது சாலை. திருப்பதியின் மேல் சூரியன் ஆண்டில் இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் பிற்பகுதியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை. மேகமற்ற நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின்மீதும் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. புதிய தார்ச் சாலை அதில் நூற்றுக்கு 95 பங்கை விழுங்கிவிடும். பழகி வெளுத்த தார்ச் சாலை 80 முதல் 90 பங்கு வரை விழுங்கும். கான்கிரீட் சற்று நல்லது. அது வெயிலில் நூற்றுக்கு இருபது முப்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். காற்று 40 டிகிரியில் இருக்கும் நாளில் தாரின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டுவது வியப்பன்று.

மேற்பரப்பின் சூடு மட்டும் தெரிந்தால் போதாது. கீழே எவ்வளவு ஆழம் சூடேறியிருக்கிறது என்பதும் தெரியவேண்டும். திடப்பொருளில் சூடு எவ்வாறு பரவுகிறது என்பதை ஃபூரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1822-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கணிதமாக வகுத்துக் காட்டினார். இன்றும் அவர் சமன்பாடே இக்கணக்குக்கு அடித்தளம். அதன்படி பார்த்தால், பகலும் இரவும் மாறிமாறி வருவதால் உண்டாகும் வெப்ப அலை தார்த்தளத்தில் ஒரு சாண் ஆழத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மழை தொடங்கியபின் நடப்பது அதற்குத் தலைகீழானது. பத்து நிமிடத்தில் குளிர்ச்சி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் ஆழம் இறங்கும். ஒரு மணி நேரத்தில் நான்கு சென்டிமீட்டர் இறங்கும். அதாவது, நேரம் ஆறு மடங்கானாலும் ஆழம் இரண்டரை மடங்குதான் ஆகிறது. சாலை தன் சூட்டை முதலில் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கஞ்சத்தனம் செய்கிறது. முதல் நீர் வெதுவெதுப்பாகவும் பின்வரும் நீர் குளிர்ந்தும் ஓடுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது மழைத்துளி. விழும் துளியின் சூட்டை எப்படி அறிவது? இதற்கு இயற்கை ஒரு எளிய வழியைத் தந்திருக்கிறது. வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிக் காற்றில் வைத்தால், நீர் ஆவியாகும்போது குளிர்ந்து, சாதாரண வெப்பமானியைவிடக் குறைந்த அளவைக் காட்டும். அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான். விழும் மழைத்துளியும் வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே வருவதால், தரையை அடையும்போது ஏறக்குறைய அவ்விடத்துக் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலையில் இருக்கும். மழைக்கு முன் காற்று 38 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 40 என்றால் ஈரக்குமிழ் சுமார் 27 டிகிரி காட்டும். இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று வந்ததும் அது இன்னும் சில டிகிரி தாழும். பெரிய துளிகள் வேகமாக விழுவதால், மேலுள்ள குளிர்ச்சியைச் சிறிது மிச்சம் வைத்துக்கொண்டே தரையைத் தொடும். ஆலங்கட்டி கலந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

துளியின் பருமன் பற்றிப் பேசும்போது காதங்கியை நினைவுகூரவேண்டும். பாகாலாவை அடுத்துள்ள அச்சிற்றூரில் விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. மேல்வானத்துக் காற்றோட்டத்தை அளக்கும் பெரிய ரேடார் அங்கே 1990-களின் தொடக்கம் முதல் வேலை செய்கிறது. அத்துடன் மழைத்துளிகளின் பருமனை ஒவ்வொன்றாக அளந்து கணக்கெடுக்கும் கருவிகளும் உள்ளன. தென்மேற்குப் பருவத்தில் விழும் மழையில் பெருந்துளிகள் மிகுதி என்றும், வடகிழக்குப் பருவ மழையில் சிறுதுளிகள் மிகுதி என்றும் அவை காட்டியிருக்கின்றன. அடைமழைக்கும் இடிமழைக்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் தோலால் உணர்ந்து இரு பெயரிட்டார்கள். கருவி அதையே எண்ணால் சொல்கிறது.

மூன்றாவது மழையின் அளவு. இங்கேதான் வீட்டுக் கணக்குப் போல ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் சாலையை எடுத்துக்கொள்வோம். அதில் மேல் நான்கு சென்டிமீட்டர் கனமுள்ள தாரும் ஜல்லியும் சேர்ந்து சுமார் 92 கிலோ எடை. அதை ஒரு டிகிரி குளிர வைத்தால் சுமார் 84 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அதே இடத்தில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 20 லிட்டர், அதாவது 20 கிலோ நீர். அதை ஒரு டிகிரி சூடாக்கவும் அதே 84 கிலோஜூல்தான் தேவை. எனவே நான்கு சென்டிமீட்டர் சாலையும் 20 மில்லிமீட்டர் மழையும் தராசின் இரு தட்டுகளில் சமமாக நிற்கின்றன.

மழை தொடங்கும்போது அந்த நான்கு சென்டிமீட்டர் தளம் சராசரியாக 40 டிகிரியிலும், மழை 23 டிகிரியிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டர் பெய்தால், இரண்டும் நடுவில் சந்திக்கும்: ஏறத்தாழ 31½ டிகிரி. அதே ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் கொட்டினால், நீரின் கை ஓங்கி, சராசரி 27 டிகிரிக்கு வந்துவிடும். பத்தே நிமிடத்தில் ஐந்து மில்லிமீட்டர் மட்டும் தூவிவிட்டு மேகம் கலைந்தால், இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துச் சூடு மட்டுமே வெளிவந்தாலும் அந்தச் சிறு நீர் 34 டிகிரி வரை சூடேறக்கூடும். பெருமழையைவிடச் சிறுமழையே சூடானது என்பது இக்கணக்கின் முதற் பாடம்.

இந்தக் கணக்கில் ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான். அவன் பெயர் ஆவியாதல். சூடான சாலையில் விழும் நீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது. சாலையிலிருந்து எழும் புகையைப் பார்த்தோமல்லவா? கண்ணுக்குத் தெரியாமல் எழுந்த நீராவி, மேலே குளிர்ந்த காற்றைத் தொட்டவுடன் மீண்டும் நுண்துளிகளாக மாறுவதே அந்தப் புகை. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீர், அதாவது 100 கிராம் நீர், ஆவியானாலே 243 கிலோஜூல் போய்விடும். முதற்கணக்கில் நாம் கண்ட 31½ டிகிரி அதனால் 30 டிகிரியாகக் குறையும். கண்ணுக்குப் புலப்படாத அளவு நீர் ஒன்றரை டிகிரியைக் கொண்டுபோய்விடுகிறது. ஆகவே காற்றின் ஈரப்பதமும் காற்றின் வேகமும் தெரியாமல் சாலைநீரின் சூட்டைச் சரியாகச் சொல்ல இயலாது.

மேல்நாட்டு ஆய்வாளர்கள் செய்வது இதே கணக்குத்தான். ஆனால் நாம் ஒருமுறை போட்டதை அவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் போடுகிறார்கள். வெயில் எவ்வளவு வந்தது, தளம் வானத்துக்கு எவ்வளவு திருப்பி அனுப்பியது, காற்று எவ்வளவு கொண்டுபோனது, ஆவி எவ்வளவு கொண்டுபோனது, அடியில் எவ்வளவு இறங்கியது என்று மழைக்குப் பல நாள் முன்பிருந்தே வரவு செலவு எழுதிக்கொண்டு வருகிறார்கள். மழை தொடங்கியதும் நீர்ப்படலத்தின் கனத்தையும், சாலையின் சரிவையும், நீர் ஓடிச்சேரும் தூரத்தையும் அதனோடு சேர்க்கிறார்கள். இதற்கு வேண்டிய மழைக்கணக்கு நாளுக்கு ஒருமுறை எடுத்தால் போதாது. காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து, நேற்று 20 மில்லிமீட்டர் என்று எழுதும் வழக்கம் விவசாயத்துக்கு உதவும். அந்த 20 மில்லிமீட்டர் பிற்பகல் நான்கு மணிக்கு அரைமணியில் கொட்டியதா, இரவெல்லாம் தூறியதா என்பது தெரிந்தால்தான் நம் கணக்கு நடக்கும்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை இன்னொரு விதத்திலும் பார்க்கலாம். சாலை பிற்பகலில் உச்சச் சூட்டை அடைகிறது. தென்மேற்குப் பருவத்தில் இப்பகுதியில் மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் பெய்வது. மாலை ஐந்து மணிக்கு வரும் மழை சூடான அடுப்பின்மேல் விழுகிறது; இரவு பதினொரு மணிக்கு வரும் மழை அணைந்த அடுப்பின்மேல் விழுகிறது. அது மட்டுமன்று. மழைக்கு முன் அரைமணி நேரம் கருமேகம் வெயிலை மறைத்து, குளிர்காற்றும் வீசினால், மேற்பரப்பின் சூடு மழை விழுமுன்பே பெருமளவு இறங்கிவிடும். முன்கணிப்புகள் பிழைபடுவது பெரும்பாலும் இந்த அரைமணியைச் சரியாகப் பிடிக்காததால்தான்.

இப்போது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு வருவோம். 2021 நவம்பர் மாதத்தை அவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே 19-ஆம் தேதி கரையைக் கடந்தது. அதையொட்டிப் பெய்த பெருமழையில் திருப்பதியின் தெருக்கள் ஆறுகளாயின. பொன்முகலி கரை புரண்டது. திருமலைக்கு ஏறும் பாதைகள் சேதமுற்றன. ஸ்ரீவாரி மெட்டுப் படிவழி சிதைந்தது. இராமச்சந்திராபுரம் பக்கத்து இராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழுள்ள ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவ்வளவு நீரும் சூடாக இருந்ததா? இருந்திருக்க இயலாது. மேகமூட்டமான நாட்கள் தொடர்ந்து வந்தபின் சாலையில் சேமிப்பே இல்லை. மழையோ மிக அதிகம். அந்த வெள்ளத்தில் அஞ்சவேண்டியது அளவு ஒன்றே. சூட்டைப் பற்றிய கவலை சித்திரை முதல் ஆவணி வரை வரும் சிறு இடிமழைகளுக்கே உரியது. ஒரே ஊருக்கு இரண்டு பருவங்களில் இரண்டு வேறு ஆபத்துகள். ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு மற்றதற்குப் பொருந்தும் என்று எண்ணிவிடக்கூடாது.

இனி என்ன செய்யலாம்? கணக்கு காட்டும் வழிகள் மூன்று.

முதல் வழி, சூட்டைச் சேமிக்கவே விடாமல் தடுப்பது. மாட வீதிகளில் பூசும் வெண்பூச்சு பக்தர்களின் பாதத்துக்காகச் செய்வது. ஆனால் பாதத்தைக் காக்கும் பூச்சே ஓடும் நீரையும் காக்கும். அதைவிட நல்லது மரநிழல். வேம்பும் புங்கும் நிற்கும் சாலையின் தளம், வெட்டவெளிச் சாலையைப் போல் நண்பகலில் காய்வதில்லை. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் வெட்டப்படுவது மரம் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரே நாளில் நாம் தளத்தையும் பெருக்கி அதன் குடையையும் பறித்துவிடுகிறோம் என்பது விளங்கும்.

இரண்டாவது வழி, முதல் நீரை நேராக ஏரிக்கு விடாமல் மண்ணுக்கு விடுவது. கூரைநீர் பிடிக்கும் நம் வீடுகளில் முதல் மழைத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் பிறகே குடம் வைப்பார்கள். அழுக்குக்காகச் செய்யும் அந்த வழக்கம் சூட்டுக்கும் பொருந்தும். முதல் பத்து நிமிட நீர்தான் சூடானது; அதுவே அழுக்கு மிகுந்ததும் ஆகும். சாலையோரத்தில் ஜல்லி நிரப்பிய நீள்பள்ளம் அமைத்து, அதன்மேல் மணலும் புல்லும் போட்டு, அந்த நீரை அதில் இறக்கினால், பூமிக்கடியிலுள்ள குளிர்ச்சி சூட்டை வாங்கிக்கொள்ளும். மண் அழுக்கை வாங்கிக்கொள்ளும். கிணறு நீரை வாங்கிக்கொள்ளும். சித்தூர் மாவட்டத்து மாந்தோப்புகளில் இதற்குச் சான்று உண்டு. தோப்புக்குள் பெய்த கோடை மழை ஓடுவதே அரிது. இலைச்சருகும் மண்ணும் அதைக் குடித்துவிடுகின்றன. தோப்பை ஒட்டிய நெடுஞ்சாலையிலோ அதே மழை அடுத்த நிமிடமே ஓடத் தொடங்குகிறது.

மூன்றாவது வழி ஒரு தவற்றைத் தவிர்ப்பது. சாலைநீரைத் தேக்கக் குளம் வெட்டினால் போதும் என்று மேல்நாட்டார் முதலில் எண்ணினார்கள். திறந்த ஆழமற்ற குளங்கள் வெயிலில் காய்ந்து, வந்த நீரைவிடச் சூடான நீரை ஓடைக்கு அனுப்புவதைப் பின்னர் கண்டார்கள். நம் வெயிலில் இது இன்னும் கடுமையாக இருக்கும். குளம் வெட்டினால் ஆழமாக வெட்டவேண்டும். கரையில் மரம் வைக்கவேண்டும். இயன்றால் வெளிச்செல்லும் மதகை அடியில் வைத்து, அடிநீரைக் காற்றில் விழச்செய்து வெளிவிடவேண்டும். விழும்போது அந்த நீர் பிராணவாயுவையும் ஏற்றுக்கொள்ளும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, நம் ஊர்ச் சாலைக்கு உரிய எண்கள் நமக்கு வேண்டும். விஸ்கான்சினில் வகுத்த கணக்கை எடுத்து அப்படியே திருப்பதிக்குப் பொருத்துவது, குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டையைச் சித்திரை மாதத்தில் மாட்டிக்கொள்வது போன்றது. நியதி எங்கும் ஒன்றே. எண்கள் ஊருக்கு ஊர் வேறு. எண்களைத் தேடப் பெருஞ்செலவும் தேவையில்லை. 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும், பிற்காலத்தில் வந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் திருப்பதியிலேயே உள்ளன. ஒரு கல்லூரி மாணவன் ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், ஒரு வாளி, ஒரு மழைமானி ஆகியவற்றோடு சாலையோரத்தில் நின்றால் போதும். மழைக்கு முன் தளத்தின் சூட்டைக் குறித்துக்கொள்ளட்டும். ஈரத்துணி கட்டிய வெப்பமானியைப் பார்த்துக்கொள்ளட்டும். மழை தொடங்கியபின் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாளியில் நீர் பிடித்து அளக்கட்டும். தார்ச் சாலை ஒன்று, கான்கிரீட் சாலை ஒன்று, கருங்கல் தளம் ஒன்று, புல்தரை ஒன்று என நால்வர் நான்கு இடத்தில் நின்றால் இன்னும் நல்லது. ஒரு கோடையில் பத்து மழை கிடைத்தால் ஓர் ஊருக்கு வேண்டிய அடிப்படை எண்கள் கிடைத்துவிடும். இடி மின்னல் இருக்கும்போது வெட்டவெளியில் நிற்காமல் கூரையடியில் நிற்கவேண்டும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவேண்டும்.

முடிவாக ஒன்று. திருமலையின் அடிவாரத்தில் கபில தீர்த்தம் இருக்கிறது. மழைக்காலத்தில் மலையுச்சியிலிருந்து நீர் அருவியாக அந்தக் குளத்தில் விழும். அங்கே குளித்தவர்கள் அதன் தண்மையை அறிவார்கள். அந்த மலையும் வெயிலில் காயும் பாறையே. என்றாலும் பாறைக்கிடையில் காடு நிற்கிறது; சருகு கிடக்கிறது; நீர் இடுக்குகளில் புகுந்து, நின்று, கசிந்து, மெதுவாக இறங்கி வருகிறது. அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் நகரத்துச் சாலை. அதே மேகத்தின் நீர் அங்கே தாரில் விழுந்து, வெதுவெதுப்பாக, கறுத்து, நுரைத்துக்கொண்டு கால்வாயில் பாய்கிறது.

மேகம் இரண்டிடத்துக்கும் ஒரே நீரைத்தான் கொடுத்தது. தரையில் விழுந்தபின் அந்த நீர் என்ன ஆகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் நாம். அடுத்த கோடை மழையின்போது சாலையோரத்து நீரில் ஒரு நிமிடம் கையை வைத்துப் பாருங்கள். கை உணரும் அந்த வெதுவெதுப்பு, நம் ஊர்த் தரையில் எவ்வளவு பகுதியை நாம் மூடிவிட்டோம் என்பதற்கு ஒரு கணக்கு. அதை எண்ணாக எழுதி வைக்கத் தெரிந்துகொண்டால், அதைக் குறைக்கவும் தெரிந்துகொள்வோம்.